ஆஃப் கிளட்ச்

நவம்பர் 2, சனி

இன்றிலிருந்து கந்த சஷ்டி விரதம். காலையில் ஒரு டம்ளர் பால், ராத்திரி ஒரு பழம், நடுவில் தண்ணீர். ஆறு நாளைக்கு இதுதான். கேட்டதும் மாரிக்கனி வாயைப் பிளந்தாள். ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை மட்டும் சாமி படத்துக்கு மாலை மாற்றுகிற ஆள் நான். "என்னக்கா, திடீர்னு முருகன் மேல பாசம்?" என்றாள். உடம்பு கனத்துவிட்டது, சீட் பெல்ட் இறுக்குகிறது, அதற்காக என்றேன். உண்மையும் அதுதான்.

மாரிக்கனி என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து, கற்று முடித்த பிறகும் போகாமல் தங்கிவிட்டவள். இப்போது வடிவு டிரைவிங் ஸ்கூலில் அவளும் சொல்லித் தருகிறாள். இரண்டு கார், இரண்டு பொம்பளைகள். கோவில்பட்டியில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் எங்கள் கையில் திட்டு வாங்கியவர்கள். மற்ற ஸ்கூல்காரர்களுக்கு வயிறு எரிகிறது. எரியட்டும்.

மாத்திரை விஷயம்தான் கொஞ்சம் யோசித்தேன். எனக்கு நெஞ்சுத் துடிப்பு ஒழுங்காக இருக்காது. அதனால் உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளலாம் என்று இரண்டு வருடமாக இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. மருந்துக்கடைக்காரர் கவர் மேல் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதித் தந்திருக்கிறார். சாப்பாடே இல்லாத நாளில் அதற்குப் பின் ஏது? வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் புண்ணாகும் என்று ஊருக்கே தெரியும். ஆகவே ஆறு நாள் அதற்கும் லீவு.

நவம்பர் 4, திங்கள்

புதிதாகச் சேர்ந்த பேங்க் மேனேஜரம்மா, எதிரில் எது வந்தாலும் கண்ணை மூடிக்கொள்கிறார். இன்று ஒரு கோழி வந்தது. பயிற்சிக் காரில் சொல்லித் தருகிறவர் உட்காரும் இடது பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அது மட்டும் இல்லாவிட்டால் எட்டயபுரம் ரோட்டில் இன்றைக்குக் கோழிக்குழம்பு.

இருபது வருடமாக அந்தப் பிரேக் மேலேயே என் கால் இருக்கிறது. பழக்கதோஷம், வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட யாராவது வேகமாகப் பேசினால் தரையை மிதிக்கிறேன்.

நவம்பர் 6, புதன்

மேனேஜரம்மாவைக் கழுகுமலை ரோட்டில் ஓட்டச் சொன்னேன். அப்படியே முருகன் கோயில் வாசலில் பார்க்கிங் பழக்கினேன். சஷ்டிக் கூட்டத்தில் வண்டியை நிறுத்தத் தெரிந்தவர்கள் எங்கேயும் நிறுத்துவார்கள். அவர் வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்த நேரத்தில் உள்ளே போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். வாசல் வரை வந்தாயிற்று, போகாமல் வந்தால் மரியாதை இல்லை.

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். டிவியில் பார்த்தேன். போனில் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். புது அட்மிஷன் யாராவது கூப்பிடுவார்கள்.

என் மகன் கதிரேசன் புனேயில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன்னால் கூட வேலை பார்க்கும் பல்லவி என்கிற மராட்டிப் பெண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக ஒரு போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நான் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். அதற்குப் பிறகு அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. இதை எதற்கு இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பசி.

நவம்பர் 8, வெள்ளி

விரதம் முடிந்தது. காலையில் இரண்டு இட்லி. பாதி உள்ளே போகவில்லை, தொப்புளைச் சுற்றி யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. ஆறு நாள் காயப்போட்டதற்கு வயிறு கோபித்துக்கொண்டது. மோர் குடித்தால் சரியாகும்.

மோர் கேட்கவில்லை. மாரிக்கனியை வரச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 15, வெள்ளி

திருநெல்வேலி ஆஸ்பத்திரி. உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

L போர்டு மாட்டின காரிலேயே மாரிக்கனி என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தாளாம். நான்குவழிச் சாலையில் எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்களாம். L போர்டைப் பார்த்தால் பயந்துதானே ஆகவேண்டும்.

எனக்கு அறுவை செய்தவர் டாக்டர் ஜோவிட்டா. என் மகன் வயதுதான் இருக்கும், பேச்சு கறார். இன்று கட்டில் ஓரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரை நின்ற நாட்களில் நெஞ்சில் கட்டிய இரத்தக்கட்டி ஒன்று கிளம்பிப் போய்க் குடலுக்குப் போகிற இரத்தக்குழாயை அடைத்துவிட்டது. முதல் ஆபரேஷனில் அதை எடுத்தார்கள். இரத்தம் மறுபடி ஓடியது. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை.

"பட்டினி கிடந்த குடலுக்குத் திடீர்னு இரத்தம் பாய்ஞ்சா, அந்த இரத்தமே அதைக் கெடுக்கும்மா. வீங்கும், புண்ணாகும், சில இடம் செத்தும் போகும். அதனாலதான் ஒரு நாள் பொறுத்து மறுபடியும் திறந்து பார்த்தோம். கெட்டுப்போன துண்டை எடுத்துட்டோம்."

காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் விழுந்த மாதிரியா என்று கேட்டேன். அவர் சிரித்து, கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரத்தம் வராமல் செத்தது எவ்வளவு, வந்து செத்தது எவ்வளவு என்று கேட்டேன். கணக்குக் கேட்கிற உரிமை எனக்கு உண்டு, குடல் என்னுடையது.

"அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு சொல்லுறேன். இரத்தம் வராமலே இருந்திருந்தா மொத்தமும் போயிருக்கும்."

மாத்திரையை ஏன் நிறுத்தினேன் என்று கேட்டார். சொன்னேன். பிறகு, வெறும் வயிற்றிலும் போடலாம் என்கிற மாத்திரையாக மாற்றி எழுதியிருப்பதாகவும், இனி சாப்பிட்டாலும் போடவேண்டும், சாப்பிடாவிட்டாலும் போடவேண்டும், முருகனே வந்து தடுத்தாலும் போடவேண்டும் என்றும் சொன்னார். சாமி பெயரைச் சொல்லி என்னை அதட்டுகிற கிறிஸ்தவப் பெண். பிடித்துப்போயிற்று.

நவம்பர் 16, சனி

நேற்று எழுதாமல் விட்டது: குடலின் ஒரு முனையை வலது பக்கம் வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கோவைப்பழம் மாதிரி சிவப்பாக, ஈரமாக இருக்கிறது. அதன் மேல் ஒரு பை ஒட்டியிருக்கிறது. போவதெல்லாம் அதில்தான் போகும். உள்ளே புண் ஆறின பிறகு, மூன்று நான்கு மாதத்தில் திரும்பவும் இணைத்துவிடலாம் என்கிறார்கள்.

முதல் தடவை பார்த்தபோது அழுதேன். இரண்டாம் தடவை கெட்ட வார்த்தை சொன்னேன். மூன்றாம் தடவை பெயர் வைத்தேன். சூரன். கேட்காமல் கத்துகிறான், நினைத்த நேரத்தில் கக்குகிறான், வேறென்ன பெயர் வைப்பது?

கதிரேசன் வந்திருக்கிறான்.

நவம்பர் 19, செவ்வாய்

கதிரேசன் முதல் ஆபரேஷன் அன்றே வந்துவிட்டானாம். மாரிக்கனி போன் செய்திருக்கிறாள். கண் விழித்தபோது கால்மாட்டில் நின்றான். மெலிந்திருக்கிறான், முன்தலையில் முடி கொட்டியிருக்கிறது. என்னடா இப்படி ஆகிவிட்டாய் என்று கேட்க நினைத்தேன், வாயில் குழாய் இருந்தது.

வந்ததிலிருந்து ஒரே அமர்க்களம். முதுகுக்கு நல்லது என்று ஒரு காற்று மெத்தை. பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மா. என் போனை வாங்கி, தொந்தரவு கூடாது என்று சத்தத்தை நிறுத்தி, அவன் பையில் வைத்துக்கொண்டான். பார்க்க வந்த மேனேஜரம்மாவை வாசலோடு திருப்பி அனுப்பினான். தலையணையை அரை மணிக்கொரு தரம் சரி செய்கிறான். நான் இருமினால் ஓடி வருகிறான், இருமாவிட்டாலும் ஓடி வருகிறான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இவன் கல்லாக இருந்தபோதே கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

நான் தூங்குகிறேன் என்று நினைத்து மாரிக்கனியிடம் கேட்டுக்கொண்டிருந்தான், கோயிலுக்கே போகாத அம்மா எதற்கு விரதம் இருந்தாள் என்று. அந்தக் கழுதை சொல்கிறது: "உங்களுக்காகத்தான் இருக்கும்ணே. சூரசம்ஹாரத்தன்னைக்கு நாள் பூரா போனையே பாத்துக்கிட்டு இருந்தாக."

அவளுக்கு என்ன தெரியும். புது அட்மிஷனுக்காக என்று எழுதியே வைத்திருக்கிறேன்.

நவம்பர் 22, வெள்ளி

வாயில் எதுவும் தரக்கூடாது என்று இருந்தது, இன்று தண்ணீர் கொடுத்தார்கள். கரண்டி கரண்டியாக. நாளைக்குக் கஞ்சித் தண்ணீர், அது ஒத்துக்கொண்டால் அடுத்து கஞ்சி. எனக்கு இருந்த தாகத்துக்கு ஒரு குடம் குடிப்பேன். டாக்டர் விடவில்லை. ஒரேயடியாகக் கொடுத்தால் சூரன் ஒரேயடியாகத் திருப்பிக் கொடுப்பான் என்றார். அவரும் சூரன் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கதிரேசன் போனைத் திருப்பித் தந்தான். பல்லவி குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள். "அத்தை, சாப்பிட்டீங்களா?" எங்கேயோ எழுதி வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்கிறாள். தினமும் அனுப்பியிருக்கிறாள், தினமும் அதே கேள்வி. பாவம், தமிழில் யாரையும் நலம் கேட்க அதுதான் வழி என்று இவன் சொல்லிக் கொடுத்திருப்பான். சாப்பிடக்கூடாதவளிடம் போய்.

கட்டைவிரல் அனுப்பினேன்.

நவம்பர் 25, திங்கள்

இன்று சண்டை.

இரண்டு காரையும் மந்தித்தோப்பு ரோட்டு ஸ்கூல்காரரிடம் பேசி முடித்துவிட்டானாம். என்னிடம் கேட்கவில்லை, என் நல்லதுக்காம். டிஸ்சார்ஜ் ஆனதும் வீட்டில் கொஞ்ச நாள், பிறகு புனே. அங்கே பெரிய ஆஸ்பத்திரி, லிஃப்ட் வைத்த வீடு, கீழே பார்க். பார்க்கில் உட்கார்ந்து நான் என்ன செய்வது, மராட்டிக் குழந்தைகளுக்கு ஊஞ்சல் ஆட்டுவதா?

"பையைக் கட்டிக்கிட்டு நீ கார்ல உக்கார முடியுமாம்மா? நாலு பேர் முன்னாடி அது கழண்டுச்சுன்னா? இனிமே உனக்கு என்ன கஷ்டம், நான்தான் இருக்கேன்ல."

"மூணு வருஷமா எங்க இருந்தே?" என்றேன்.

அவன் முகம் செத்துவிட்டது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"குடல்ல ஒரு துண்டைத்தான் வெட்டி எடுத்தாங்க. காலை எடுக்கல, வாயை எடுக்கல. நான் செத்ததுக்கு அப்புறம் ரெண்டு காரையும் வித்துக்கோ. அதுவரைக்கும் அதுல என் பேர்தான் எழுதியிருக்கும்."

அவன் அழுதுகொண்டே வெளியே போனான். நர்ஸம்மா என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது போல் பார்த்தார். சூரன் பெரிதாக ஒரு சத்தம் போட்டான். என் பக்கம் பேச அவனாவது இருக்கிறான்.

நவம்பர் 28, வியாழன்

வீடு. என் கட்டில், என் விசிறி. மாரிக்கனி வகுப்புகளை நிறுத்தவே இல்லை. கதிரேசன் நிறுத்தச் சொன்னதற்கு, அக்கா சொன்னால் நிறுத்துகிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டாளாம். அவன் என்னோடு பேசுவதில்லை, ஆனால் பையை மாற்றக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். மூக்கைப் பொத்தாமல் மாற்றினான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 6, வெள்ளி

வாசலில் நிற்கிற காரில், இடது சீட்டில், சும்மா உட்கார்ந்து பார்த்தேன். கதிரேசன் கடைக்குப் போயிருந்த நேரம். பெல்ட்டை மாட்டினால் கீழ்ப்பட்டை நேரே சூரன் மேல் அழுத்துகிறது. டிரைவர் சீட்டிலும் அதே கதை. சட்டத்தை மீறவும் முடியாது. பெல்ட் போடாத ஆளை நானே காரை விட்டு இறக்கியிருக்கிறேன்.

ஏறினதைவிட இறங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கதவை ஓங்கிச் சாத்தினேன், வயிறு வலித்தது. சரி, என் மேல்தான் தப்பு.

டிசம்பர் 9, திங்கள்

மாரிக்கனி ஒரு எவர்சில்வர் டப்பா மூடி கொண்டுவந்தாள். உள்ளங்கை அகலம், நல்ல குழிவு. விளிம்பில் பழைய டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறாள், குத்தாமல் இருக்க. சூரன் மேல் கவிழ்த்துத் துணிப்பட்டையால் கட்டிக்கொண்டு பெல்ட் மாட்டினால், பட்டை மூடி மேலேயே நிற்கிறது. உள்ளே அவன் நிம்மதியாக இருக்கிறான். எதிலிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். கடலைமிட்டாய் டப்பாவாம்.

டிசம்பர் 20, வெள்ளி

டாக்டரிடம் காட்டினோம். ஆறு வாரம் கழிந்துவிட்டது, புண் ஆறியிருக்கிறது. ஓட்டக்கூடாது என்றீர்களே, பக்கத்தில் உட்கார்ந்து திட்டலாமா என்று கேட்டேன். மூடியைக் காட்டினேன். தட்டிப் பார்த்தார், கட்டிப் பார்க்கச் சொன்னார். கடைசியில், குறைந்த நேரம், மேடு பள்ளம் இல்லாத ரோடு, பிரேக் மிதிக்கும்போது வலித்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டார். வெயில் ஏறினால் உப்புக் கரைசல் குடிக்காமல் வெளியே போகக்கூடாதாம்.

திரும்பி வரும் வழியில் கதிரேசன், ஜனவரி இரண்டாம் தேதிக்குப் புனேவுக்கு இரண்டு டிக்கெட் போட்டிருப்பதாகச் சொன்னான்.

டிசம்பர் 23, திங்கள்

முதல் வகுப்பு. மேனேஜரம்மாதான். லைசென்ஸ் தேர்வில் தோற்றுவிட்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார். பைபாஸில் போகும்போது பை ஓரம் விட்டுக்கொண்டது. சேலை நனைந்தது, நாற்றம். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போகலாமா அக்கா என்று மெதுவாகக் கேட்டார்.

சீட்டோடு சீட்டாகக் கரைந்து போய்விடலாம் போல இருந்தது எனக்கு. கதிரேசன் சொன்னது நடந்துவிட்டது, நாலு பேர் இல்லை, ஒருத்தர் முன்னால்.

"போலாம். நீங்கதான் ஓட்டணும். ரிவர்ஸ் எடுத்துத் திருப்புங்க" என்றேன். எடுத்தார். எதிரே மாட்டுவண்டி வந்தது. கண்ணை மூடவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்தேன். கதிரேசன் சீட்டைக் கழுவினான். சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

டிசம்பர் 24, செவ்வாய்

பையைச் சரியாக ஒட்டாமல் போனது நான்தான். இரண்டாம் வகுப்பு எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

கதிரேசனுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பான். புனேயில் வைத்திருப்பது கியர் இல்லாத கார். டிரைவிங் ஸ்கூல்காரி மகனுக்குக் கிளட்ச் தெரியாது. காலேஜ் நாளில் சொல்லித்தர வந்தபோதெல்லாம் நான் கத்துகிறேன் என்று இறங்கி ஓடிவிடுவான். இன்று காலை, ஏறுடா என்றேன். ஏறினான்.

நான் இடது பக்கம், மூடி கட்டி, பெல்ட் போட்டு. எட்டயபுரம் ரோட்டில் கூட்டமில்லை. ஸ்டார்ட் செய்தான், கிளட்சை டக்கென்று விட்டான். வண்டி துள்ளி நின்றது. எனக்கு வயிறு குலுங்கியது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி துள்ளல். வேர்த்துவிட்டது அவனுக்கு. நான் கத்தவில்லை. கத்தினால் தையல் இழுக்கிறது.

"ஒரேயடியா விடாத. வண்டி தாங்காது. பாதி மட்டும் விட்டு, ஆஃப் கிளட்ச்ல புடி. லேசா நடுங்கும் பாரு, அப்ப அப்படியே வச்சுக்க. அதுவே நகரும்."

பிடித்தான். வண்டி நடுங்கியது. அப்படியே வைத்திருந்தான். நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான். "எனக்காகவாம்மா விரதம் இருந்தே?"

"எடை குறைய."

"அம்மா."

"ரோட்டைப் பாரு."

பார்த்தான். கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்தான், ஸ்டியரிங்கில் இரண்டு கையும் இருக்கட்டும் என்றேன். அப்புறம் நானே சொன்னேன். இரண்டாம் தேதி நான் வரவில்லை, கார்கள் எங்கேயும் போகவில்லை, என் குடலை இணைக்கும்போது நீ வந்து நில், அதற்கு முன்னால் பொங்கலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா, இரண்டு நாள் இரு, போ. அப்புறம் இன்னொரு தடவை வா. மொத்தமாக வந்து என் மேல் விழாதே.

"நீ வராமலே இருந்திருந்தா?" என்றேன். "அதுக்கு இது எவ்வளவோ தேவல. இரத்தத்தைப் பத்தி டாக்டரும் அதான் சொன்னாங்க."

சரிம்மா என்றான். ஒரு டிக்கெட்டை ரத்து செய்கிறேன் என்றான். பல்லவிக்குப் பொங்கல் பிடிக்கும், ஆனால் நான் பேசுவேனா என்று பயப்படுகிறாள் என்றான். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இன்றைக்கும் அவள் குரல் வந்திருந்தது, "அத்தை, சாப்பிட்டீங்களா?" கட்டைவிரலை அனுப்பப் போன விரலை எடுத்துக்கொண்டு மைக்கை அழுத்தினேன். "சாப்ட்டேன். கஞ்சியும் துவையலும். நீ சாப்ட்டியா தாயி?" சூரன் அதே நேரம் பார்த்துக் கத்தினான், அதுவும் பதிவாகிவிட்டது. அழிக்கவில்லை. அனுப்பிவிட்டேன். வருகிறவளுக்கு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

திரும்பும்போது கதிரேசனே மூன்றாவது கியர் போட்டான். எதிரே லாரி ஒன்று வந்தது, பெரியது. என் கால் என் பக்கத்து பிரேக் மேல் இருந்தது. அவன் மெதுவாக ஒதுங்கி வழி விட்டான்.

நான் மிதிக்கவில்லை.